நடுப் படி

அப்பா இறந்த மாதமே அக்கா மதலேனை விரட்டிவிட்டு, பழைய வீட்டை இடித்து, அதே மண்ணில் ஞானு பிரெஞ்சு மாளிகை போல ஒன்றைக் கட்டியிருந்தான். புது வீட்டைச் சாமியார் ஜெபம் சொல்லி மந்திரிக்கும் நாளில், வந்தவர்கள் முன்னால் வாய்க்கு வந்தபடி ஏசிவிட வேண்டும் என்றுதான் மதலேன் அழைக்காமலே போனாள். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள். இரு பக்கமும் அளவெடுத்தாற்போல் வெள்ளைத் தூண்கள், வளைவு வைத்த நெடிய ஜன்னல்கள், உச்சியில் முக்கோண முகப்பு. எங்காவது ஒரு கோணல் இருக்காதா என்று தேடினாள். இல்லை. வயிறு எரிந்தது, கண்ணைத்தான் எடுக்க முடியவில்லை.

“திட்டத்தானக்கா வந்த? திட்டிட்டுக் கெளம்பு” என்றான் ஞானு, பல்லைக் கடித்துக்கொண்டு.

“அழகா கட்டியிருக்கடா.”

அவன் முகம் இளகுவதற்குள் அவள் நடுப் படியில் கால் நீட்டி உட்கார்ந்தாள். “இவ்வளவு அழகா இருக்கறத விட்டுட்டு எப்பிடிடா போறது?”

“ஏந்திரு. மானத்த வாங்காத.”

அவள் அசையவில்லை. விருந்தாளிகள் பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்தபடி அவளைச் சுற்றிக்கொண்டு ஏறினார்கள். ஊருக்குப் புதிதாக வந்திருந்த பங்குச் சாமியார் தீர்த்தச் செம்போடு அவள் எதிரில் வந்து நின்றுவிட்டார்.

“யாருப்பா இவங்க?”

மதலேனும் திரும்பி, தம்பியின் வாயையே பார்த்தாள்.