நேற்று விசாரித்த பெண்

இன்று காலைதான் காரில் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தோம். ஏரிக்கு நடப்பதற்கு முன், சந்தையில் அக்கா தக்காளி பொறுக்கினாள். கடைக்காரம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அக்கா கிடைச்சிட்டாங்களா? நேத்து ஏரிப்பக்கம் காணோம்னு அழுதுட்டு வந்தியேம்மா."

என் காதில் தவறாக விழுந்திருக்கலாம் என்று மறுபடி கேட்டேன். அதையேதான் சொன்னார்.

"ஏரி வேண்டாம்க்கா. கிளம்பிடலாம்."

"வேற யாரையோ நினைச்சு சொல்றாங்க. கூடாரத்தைத் தூக்கிட்டு இவ்ளோ தூரம் வந்தது தக்காளி வாங்கவாடி?"

வழி முழுக்க அவள் கையை நான் விடவில்லை. ஏரி தெரிந்ததும் எதிர்க்கரையிலிருந்து "அக்கா" என்று ஒரு குரல் கேட்டது. பதிவு செய்து கேட்டால் என் குரல் எப்படியிருக்குமோ, அப்படியே இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

அக்கா என் கையை உதறிவிட்டு, "இதோ வர்றேன்டி" என்று தண்ணீரில் இறங்கினாள்.