ரட்சனியின் இருமல்

“இன்னொரு தடவை இருமினே, அடுத்த வேன்லயே பாங்காக்குக்கு ஏத்தி விட்டுருவேன்!”

பல் டாக்டர் வொராவுட் கத்தவில்லை. கத்தினால் பறவை ஓடிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

“வேணும்னேவா இருமறேன்? தொண்டை கரகரங்குதுங்க,” என்றாள் மனைவி ரட்சனி.

காட்டோரம் பச்சை வலை போட்ட கூடாரம். முன்பக்கத் துவாரத்தில் டாக்டரின் பீரங்கி லென்ஸ். பின்பக்கத் துவாரத்தில், வேறு வேலை இல்லாத ரட்சனி.

டாக்டருக்கு வேண்டியது நீல ஆறுமணிக்குருவியின் படம். வாயில் புழுவோடு, அது லென்ஸை நேருக்கு நேர் பார்க்க வேண்டும். பறவைப் படச் சங்கத்தின் காலண்டருக்கு அனுப்ப இன்றுதான் கடைசி நாள். போன வருஷ அட்டையில் சுமேத்தின் மீன்கொத்தி. சுமேத்தும் பல் டாக்டர், அதுவும் எதிர்க்கட்டடத்தில். ஆகவே இது பொழுதுபோக்கு இல்லை, மானப் பிரச்சினை.

காலையில் வரும் வழியில் டாக்டர் கோயில் வாசலில் புண்ணியத்துக்காக ஒரு கூண்டு சில்லைக் குருவி வாங்கித் திறந்துவிட்டார். உள்ளே இருந்த ஆறும் பறந்தன. “எல்லா உயிரும் சுகமா இருக்கட்டும்” என்று கும்பிட்டு, “படம் நல்லா விழணும்” என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

கூடாரத்துக்கு வந்ததும் போனில் ஆண் குருவியின் குரலைப் போட்டார். எதிராளி எவனோ வந்துவிட்டான் என்று நம்பிய குருவி, கவ்விய புழுவோடு மரக்கட்டையில் ஏறி நின்று தேடியது. புழுவை விழுங்கவும் இல்லை, இடத்தை விட்டுப் போகவும் இல்லை.

“பாத்தியா? பாட்டு நிக்கிற வரைக்கும் அசையாது. இதான் டெக்னிக்.”

முதுகைக் காட்டி நின்ற குருவி மெல்லத் திரும்பியது.

“லொக்! லொக்!”

குருவி விருட்டென்று தாழப் பறந்து, கூடாரத்தைச் சுற்றிக்கொண்டு பின்னாலிருந்த பிரம்புப் புதருக்குள் போய்விட்டது.

இப்படியே ஏழு தடவை. கேமராவில் அறுநூறு படம், அத்தனையிலும் குருவியின் பின்புறம்.

மதியம் கூடாரத்துக்காரி நுவான் அக்கா வந்தாள். “வேன் வந்துருச்சு டாக்டர். லென்ஸைப் பெட்டியில வைங்க. ரட்சனி, இந்தா, இஞ்சித் தண்ணி. இருமலுக்குக் கேக்கும்.”

டாக்டர் லென்ஸைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

“வேணாம்க்கா. நின்னுருச்சு.”

“நின்னுருச்சா?” டாக்டர் பொங்கினார். “நான் பெட்டியைப் பூட்டினதும் நின்னுருச்சா? சுமேத் உனக்கு எவ்வளவு குடுத்தான்?”

ரட்சனி பின்பக்கத் துவாரத்தைக் காட்டினாள். “இங்க வந்து பாருங்க.”

பிரம்புப் புதருக்குள், இரண்டு முழத் தூரத்தில், காய்ந்த இலைகளால் ஒரு கூடு. உள்ளே மூன்று குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து தூங்கின.

“நீங்க பாட்டுப் போட்டா அது அங்கயே நின்னுருது. இதுங்க வாயைப் பொளந்து பொளந்து, கழுத்தே தொங்கிருச்சு. நான் இருமினாத்தான் புழு இங்க வந்து சேருது.”

“சொல்லியிருக்கலாமில்ல?”

“சொல்லியிருந்தா பீரங்கியை இந்தப் பக்கம் திருப்பியிருப்பீங்க. நீங்க காசு குடுத்து ஆறு உயிருக்குப் புண்ணியம் தேடிக்கிட்டீங்க. எங்கிட்ட இருமல்தான் இருந்துச்சு.”

தன் போனை நீட்டினாள். திரையில் நீலக் குருவி, அலகில் புழு, நேருக்கு நேர் பார்க்கும் கண், கீழே பிளந்த மூன்று வாய்.

டாக்டர் வெகுநேரம் பார்த்தார். அவர் கண் கலங்கியது. ரட்சனிக்கே பாவமாகிவிட்டது.

“விடுங்க. தெரியாமத்தானே செஞ்சீங்க.”

டாக்டர் அவள் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார்.

“ரட்சனி... இதை என் பேர்ல அனுப்பினா சுமேத்துக்குத் தெரியவா போகுது?”

ரட்சனிக்கு மறுபடி இருமல் வந்தது. இந்தத் தடவை நிஜமாகவே.