பெல்மோந்தி கேட்ட கேள்வி

“பொன்னாடை போத்துறேன், மாலை போடுறேன்னு எவனாவது கிட்ட வந்தா நடக்குறதே வேற. இப்பவே சொல்லிட்டேன்.”

காரில் ஏறியதும் கலியமூர்த்தி பேசிய முதல் பேச்சு இது. எழுபது வயது. பிச்சாவரத்தில் ஐம்பது வருஷம் துடுப்புப் போட்ட உடம்பு. முறுக்கு இன்னும் குறையவில்லை, வாயும்தான்.

சிதம்பரத்தில் திரைப்படச் சங்கம் நடத்தும் எழிலன் காரை ஓட்டிக்கொண்டே தலையாட்டினார்.

“சரிங்கய்யா. நீங்க மேடையில வந்து உக்காந்தா போதும். இத்தாலியில எவ்ளோ பெரிய டைரக்டரு பெல்மோந்தி. காலமாயி ஒரு மாசம் ஆவுது. அவரு நினைவுக் கூட்டத்துல நீங்க இல்லாம எப்படி?”

“எனக்கு அவன் மாமனா, மச்சானா?”

“நீங்க காப்பாத்தலன்னா அவரு ஏது, அவரு படம் ஏது?”

“இல்லாமப் போயிருந்தா ஒலகம் இருண்டுடுமா?”

எழிலன் சிரித்துக்கொண்டார். “வலை பின்னுறவரு மகன்யா அவரு. பத்து வருஷம் மத்தவங்களுக்குக் கேமரா பொட்டி தூக்கியிருக்காரு. அப்புறம் சொந்தமா எடுத்த மூணு படமும் ஊத்திக்கிச்சு. ஒரே குடி. நாலாவது எடுக்கத்தான் நம்ம ஊருக்கு வந்தாரு. அந்த விபத்துக்குப் பொறவு எட்டுப் படம். எட்டுக்கும் பரிசு.”

“என்கிட்டயே கத சொல்றியா? பொட்டிய படகு ஓரத்துல வைக்காதடா, சாஞ்சிடும்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன். கேட்டானா? சூரியன் எறங்குறது அங்கேருந்துதான் அழகா தெரியுதாம்.”

முப்பத்தோரு வருஷம் ஆகிறது. படகில் இருந்தது மூன்று பேர். பெல்மோந்தி, கலியமூர்த்தி, அவருடைய தம்பி கொளஞ்சி. முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தபோது அந்தப் பெட்டி கொளஞ்சியின் மண்டையில் அடித்தது. கலியமூர்த்தி வெள்ளைக்காரனை இழுத்துக் கரையில் போட்டார். திரும்ப ஓடி, நன்றாக இருட்டும்வரை முங்கி முங்கித் தேடினார். மறுநாள்தான் சுரபுன்னை மர வேர்களுக்கு நடுவில் தம்பியின் உடல் கிடைத்தது.

“அவ்ளோ பெரிய ஆள எப்படிங்கய்யா இழுத்தீங்க?”

“எப்படி இழுப்பாங்க? முடியப் புடிச்சுத்தான். கையக் குடுத்தா முழுவுறவன் நம்பளையும் சேத்து அமுக்கிடுவான். உங்க சினிமா சங்கத்துல இதெல்லாம் சொல்லித் தரலியா?”

எழிலன் அதைக் கேட்காததுபோல் அடுத்ததற்குப் போனார். “வருஷா வருஷம் உங்களத் தேடி வந்தாராமே?”

“வருவான். நான் படக எடுத்துக்கிட்டு காட்டுக்குள்ள பூந்துடுவேன். ரெண்டு மூணு தரம் மாட்டிக்கிட்டேன். எவன்கிட்டயோ தமிழ் கத்துக்கிட்டு வந்து ஒரே கேள்வி. ‘என்னை ஏன் எடுத்த?’ன்னு.”

“என்ன சொன்னீங்க?”

“ஒழுங்கா ஊருபோய்ச் சேருன்னேன்.”

மண்டப வாசலில் பெரிய பேனர். பிச்சாவரம் வந்த வயதில் பெல்மோந்தி, தோளில் புரளும் முடியோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

“இவன் ஊர்ல முடி வெட்டுறவனே கெடையாதா?” என்று உறுமிவிட்டு உள்ளே போனவர், முன்வரிசையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பொன்னி உட்கார்ந்திருந்தாள். கொளஞ்சியின் மனைவி. அவன் போனபோது வயிற்றில் இருந்த மகன் இப்போது கடலூர் சிப்காட்டில் வேலை பார்க்கிறான்; அவனோடு இருப்பவள். தம்பி போன நாளிலிருந்து அவள் இவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இப்போதும் அவரிடம் பேசவில்லை. கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“வந்துட்டாரு மவராசன். கூடப்பொறந்தவன தண்ணியில உட்டுட்டு வெள்ளக்காரன கரையேத்துனவரு. போத்துங்கய்யா, பொன்னாடைய நல்லா அகலமா போத்துங்க.”

கலியமூர்த்தி பல்லைக் கடித்துக்கொண்டு மேடை ஏறினார்.

பெல்மோந்தி கடைசியாக எழுதிய கடிதத்தை எழிலன் வாசித்தார். “தன் ரத்தத்தை விட்டுவிட்டு அந்த மனிதர் என்னைத் தேர்ந்தெடுத்தார். அதற்குத் தகுதியுள்ளவனாக வேண்டும் என்றுதான் குடியை விட்டேன். ஒவ்வொரு படமும் எடுத்தேன். ஏன் என்னைத் தேர்ந்தெடுத்தார் என்று மட்டும் அவர் சொல்லவேயில்லை.”

மண்டபமே கை தட்டியது. யாரோ பொன்னாடையை விரித்துக்கொண்டு வந்தார்கள். கலியமூர்த்தி அதைப் பிடுங்கி நாற்காலியில் எறிந்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

“தேர்ந்தெடுத்தேனாம். சந்தையில மீனா பொறுக்குனேன்? இதுக்குக் கைதட்டல் வேற.” எழிலன் பக்கம் திரும்பினார். “அவன் செத்துட்டான்னு நல்லா தெரியுமா?”

“ஐயா, அடக்கம் பண்ணியே ஒரு மாசம் ஆச்சு.”

“அப்ப சரி. இனிமே அவன் காதுக்குப் போவாது.”

கலியமூர்த்தியின் குரல் இறங்கியது. பொன்னியைப் பார்த்தார்.

“பொன்னி, புள்ள பொறந்தா எறக்குறேன்னு தில்லைக்காளிக்கு நேந்துகிட்டு உம் புருசன் நாலு வருஷமா முடி வளத்தான்ல? அன்னிக்கி சேத்துத் தண்ணி, கண்ணு தெரியல. நீளமா முடி கையில மாட்டுச்சு. தம்பின்னு நெனச்சு இழுத்தேன். மேல வந்தது அவன்.”