பெட்டிக்குள் உட்கார்ந்து வரைந்த டிரைவர்

ஒலிப்பதிவுக் கூடத்துக் கணினிக்குள், இயங்குதளத்தின் மையமாக, கர்னல் என்றொரு மேஸ்திரி இருந்தது. யார் எப்போது வேலை செய்வது என்பதை அதுதான் சொல்லும். ஒரு விஷயத்தில் மட்டும் ரொம்பக் கறார்: ஒலியை வாங்கும் சவுண்ட் கார்டு கூப்பிட்டால், யாராக இருந்தாலும் கைவேலையைப் போட்டுவிட்டு வழிவிட வேண்டும்; கொஞ்சம் தாமதித்தாலும் பதிவில் ஒலி அறுந்துவிடும்.

திரையில் படம் வரைய டிரைவர் என்றொரு மென்பொருள் புதிதாக வந்தது. கூடவே ஒரு பூட்டிய பெட்டி.

"உள்ளே என்ன தம்பி?"

"கம்பெனி ரகசியம் அண்ணே. இதுக்குள்ளே உட்கார்ந்துதான் வரைவேன். உங்களை மாதிரி கறாரான மேஸ்திரிகிட்ட போகாதேன்னுதான் கம்பெனியில சொன்னாங்க. இந்தக் கூடத்து முதலாளிதான் பரவாயில்லைன்னு கூட்டிட்டு வந்தார்."

அது வரைந்ததும் திரை பளபளத்தது. கர்னலும் அந்த அழகில் மயங்கிவிட்டது.

மறுநாள் நாகஸ்வரப் பதிவு. வித்வான் உச்சத்தில் நின்று, மூச்சை அடக்கி இழுத்தார். சவுண்ட் கார்டு கூப்பிட்டது. கர்னல் ஓடிப்போய்ப் பெட்டியைத் தட்டியது.

"இதோ அண்ணே, ஒரே ஒரு கோடு!"

கர்னலிடம் சாவி இல்லை. கண் இமைக்கும் நேரம்தான் போனது.

பதிவைப் போட்டுக் கேட்டார்கள். அந்த உச்சத்தில் சரியாக 'டிக்'கென்று ஒரு வெட்டு. வித்வான் முகம் சுண்டிப்போய், கோளாறு தன் நாகஸ்வரத்தின் ஊதுமுனையில்தானோ என்று சீவாளியைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பெட்டி திறந்தது. டிரைவருக்கு வாயெல்லாம் பல்.

"அண்ணே, திரையில நான் வரைஞ்ச ஒலி அலையைப் பாருங்க! அந்த வெட்டு எவ்வளவு துல்லியமா விழுந்திருக்கு! வேற யாராவது இப்படி வரைய முடியுமா?"