வெளிச்சம் இருக்கும்வரை

"வந்தது வந்துட்டீங்க, உள்ள வாங்க. ஆனா இருட்டினதும் கிளம்பிடணும்."

கதவைப் பாதி திறந்தபடி மகள் சொன்னாள். கொத்தனார் தலையை ஆட்டினார். யார் யாரையோ கேட்டு விலாசம் பிடித்து, கப்பலின் அடித்தட்டில் சன்னல் இல்லாத அறையில் மூன்று நாள் சுருண்டு கிடந்து, உலகத்தின் வடகோடியில் இருக்கும் இந்தத் துறைமுக ஊருக்கு வந்து சேர்ந்திருந்தார். வாசலோடு திருப்பி அனுப்பாமல் விட்டாளே, அதுவே பெரிது.

அந்த வார்த்தையும் அவருடையதுதான். ஆறு வருடத்துக்கு முன்னால், மீன்பிடிப் படகில் வேலை செய்கிறவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று இவள் நின்றபோது, "இருட்டறதுக்குள்ள வீட்டை விட்டுப் போயிடு" என்றார். போய்விட்டாள். அவரும் கூப்பிடவில்லை.

சூடான சூப்பும் ரொட்டியும் வந்தன. மன்னிப்புக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தது. எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. வாய் வராதபோது கண் சுவருக்குப் போயிற்று. சன்னலுக்குக் கீழே ஒரு விரிசல். விரலை வைத்தால் கடல்காற்று சில்லென்று வந்தது.

"இதை எவன் பூசினது?"

"உங்க மாப்பிள்ளை."

"மீன் பிடிக்கிற கை. அதான் செதில் செதிலா உரியுது."

மகளின் உதடு லேசாகக் கோணியது. சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபமாக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"சிமெண்ட் இருக்கா?"

"மாடிப்படிக்குக் கீழ அரை மூட்டை கிடக்கு. இப்ப எதுக்கு அதெல்லாம்? வந்த உடனே ஆரம்பிக்கணுமா?"

"வெளிச்சம் போறதுக்குள்ள முடிச்சுடறேன்."

பையிலிருந்து பூச்சுக் கரணையை எடுத்தார். நாற்பது வருடமாக அவர் கடிகாரம் பார்த்து வேலை செய்தது கிடையாது. வெளிச்சம் இருந்தால் வேலை. போய்விட்டால் கை கால் கழுவிக்கொண்டு வீடு.

பழைய பூச்சைக் கொத்தி எடுத்தார். கலவை குழைத்தார். ஒரு கண் சுவரில், ஒரு கண் சன்னலில். சூரியன் கடலுக்கு மேல் இரண்டு ஆள் உயரத்தில் நின்றது. அது இறங்க இறங்க அவர் கரணையை மெதுவாக இழுத்தார்.

"கை கழுவுங்க. சாப்பிடலாம்." வறுத்த மீனோடு தட்டு வந்தது.

"இப்பத்தானேம்மா சாப்பிட்டேன்?"

"குளிருக்குப் பசிக்கும். பேசாம சாப்பிடுங்க."

தின்றுவிட்டு மறுபடியும் உட்கார்ந்தார். திரைச்சீலை கலவையில் படாமல் தூக்கிக் கட்டினார்.

"என்னம்மா இது, போர்வை கனத்துக்குக் கறுப்புத் துணி?"

"இங்க எல்லார் வீட்டுலயும் அப்படித்தான்."

விரிசல் மூடியாயிற்று. வேலை முடிந்தால் உட்கார்ந்திருக்க என்ன சாக்கு? பக்கத்துச் சுவரையும் கொத்த ஆரம்பித்தார். இடுப்பு விட்டுப்போயிற்று. கண் சொருகியது. இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போது?

"அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா," என்றார், சுவரிடம் சொல்வதுபோல. "தினம் பொழுது சாயற நேரமானா நெஞ்சை வந்து அடைக்குது."

பின்னால் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. அவள் உள்ளறைக்குப் போகும் காலடி கேட்டது.

சூரியன் தண்ணீரைத் தொட்டுவிடும்போல இருந்தது. அவ்வளவுதான். கரணையைக் கழுவித் துடைத்தார். பையைத் தோளில் மாட்டினார்.

"இருட்டப்போகுதும்மா. நான் வரேன்."

அவர் கதவைத் தொடுவதற்குள் அதுவே திறந்தது. ஈர பூட்சும் கையில் வலைக்கூடையுமாக ஒருவன் நின்றான். போட்டோவில் மட்டும் பார்த்திருந்த மாமனாரின் முகம் அவனுக்குப் பிடிபட ஒரு நிமிடம் ஆயிற்று.

"மாமா! நீங்களா? ராத்திரி பதினொன்னரைக்கு எங்க கிளம்பிட்டீங்க?"

"ராத்திரியா? இன்னும் பொழுதே சாயலையே, மாப்பிள்ளை!"

"எங்க மாமா சாயுது? இந்த ஊர்ல கோடையில சூரியன் மறையவே மறையாது. இருட்டைப் பாக்கணும்னா இன்னும் ரெண்டு மாசம் காத்திருக்கணும். இவ சொல்லலையா?"

கொத்தனார் திரும்பினார். உள்ளறைக் கட்டிலில் அவருக்கு மெத்தை விரித்துக்கொண்டிருந்தாள் மகள்.

"ரெண்டு மாசம் இல்ல, அறுபத்தி மூணு நாள்," என்றாள் நிமிராமல். "கதவைத் திறந்து அப்பாவைப் பாத்த உடனேயே எண்ணிட்டேன்."