கடைசி வீட்டுச் சத்தம்

"கேட்டியா? மறுபடியும் உடைக்கிறான்!"

மளிகைக்கடை அக்கா காதைத் தெருக்கோடிப் பக்கம் திருப்பினாள். கடைசி வீட்டிலிருந்து 'சளீர்' என்று பீங்கான் உடையும் சத்தம்.

ஊசியக்காவின் தையல் மெஷின் பட்டென்று நின்றது. அவள் துணியையும் தைப்பாள், பேச்சில் நறுக்கென்று குத்தவும் செய்வாள் என்பதால் தெரு வைத்த பெயர் அது.

"நேத்தும் இதே நேரம்தான். அந்தக் கிரேன் டிரைவர் வேலை விட்டு வந்ததும் ஆரம்பிச்சுடறான். பாவம் அந்தப் பொண்ணு, காலையில விரல்ல கட்டோட வந்து தண்ணி பிடிச்சுது" என்றாள் மளிகைக்கடை அக்கா.

"என்னன்னு கேக்கலையாக்கா?"

"எங்க கேக்கறது? புதுசா குடிவந்தவ. அவ பேசறது எனக்குப் புரியாது, நான் பேசறது அவளுக்குப் பாதிதான் புரியும். சிரிச்சா. நானும் சிரிச்சு வெச்சேன்."

ஊசியக்காவுக்கு அந்த வீட்டைப் பற்றி ஏற்கெனவே ஒரு கவலை இருந்தது. சுவர்க் கவலை.

மூடிக் கிடக்கும் மில்லின் நீள மதில் அது. போன வருஷம் வரை அதன் ஓரமெல்லாம் குப்பை மேடு. இந்தத் தெருவில் குடியிருக்கிறோம் என்று வேலை செய்யும் இடத்தில் சொல்லவே கூசுவார்கள். ஊசியக்காதான் நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு நகராட்சிப் படியேறி, கலைக்கென்று ஒதுக்கிய நிதியை விடாப்பிடியாகக் கேட்டு வாங்கினாள். உடைந்த பீங்கானையும் ஓடுகளையும் சிமெண்டில் பதித்து, மதில் முழுக்க ஒரே பெரிய மரம்!

"பல பாஷை பேசற தெரு. ஒவ்வொரு வீட்டுலேர்ந்தும் ஒரு பிடி சில்லு வந்தாகணும். ஒரு வீடு விட்டுப்போனாலும் மீதி நிதி கிடையாது" என்று அதிகாரியம்மா கறாராகச் சொல்லியிருந்தார்.

எல்லா வீட்டிலிருந்தும் வந்தது. காது போன கோப்பை, விரிசல் விட்ட ஜாடி, குளியலறையில் பெயர்ந்த ஓடு எல்லாம் சுவரில் ஏறி இலையாக மினுங்கின. பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஊசியக்காவுக்குப் பெருமையில் தன் சட்டையையே பிரித்துப் பெரிதாகத் தைக்க வேண்டும் போலிருந்தது.

இனி கடைசி வீடு மட்டும்தான் பாக்கி; சொல்லியனுப்பியும் இன்னும் வரவில்லை. விடிந்தால் அதிகாரியம்மா வருகிறார்.

"சத்தம்தான் வருது, ஒரு சில்லு வெளிய வரலை பாரு. பேசாம என் கடையில உடைஞ்ச எண்ணெய் ஜாடி கிடக்கு. கடைசி வீட்டுதுன்னு சொல்லிப் பதிச்சுடு. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமேக்கா."

"போடி இவளே. பொண்டாட்டியை அடிக்கிறவன் வீட்டுச் சில்லு நம்ம சுவத்துக்கு எதுக்குங்கறேன்!"

அப்போது 'டொக்... டொக்' என்று எதையோ அடிக்கும் சத்தம். கூடவே ஒரு பெண் குரல்: "ஐயோ!"

ஊசியக்கா துணியைப் போட்டது போட்டபடி கிளம்பினாள்.

"அடியே, கத்திரிக்கோலை வெச்சுட்டுப் போ!"

"அது அவன் பேசற தோரணையைப் பொறுத்துக்கா."

கதவைத் திறந்த டிரைவரின் கையில் சுத்தியல்.

"கீழ போடுய்யா அதை!"

கத்திரிக்கோலைப் பார்த்ததும் சுத்தியலைப் பொத்தென்று போட்டுவிட்டுச் சுவரோடு ஒண்டினான் அந்த மலை மாதிரி மனுஷன்.

உள்ளே அவன் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பீங்கான் தூள்.

"யாரு அடிச்சது? பயப்படாம சொல்லும்மா."

"நான்தான் அடிச்சேன்" என்றாள் அவள் அரைகுறைத் தமிழில், தப்புச் செய்து மாட்டிக்கொண்டவள் போல. "தட்டு. தரையில போட்டேன், தூளாப் போச்சு. நேத்தும் தூள். விரல் கிழிஞ்சுது. இன்னிக்கும் ஒண்ணு தூள். அப்புறம் இவர் துணி சுத்தி, மெல்லத் தட்டினார். பாருங்க!"

மடியில் இருந்த துண்டை விரித்தாள். கட்டைவிரல் அகலத்துக்குச் சில்லுகள். ஒவ்வொன்றிலும் முழுசாக ஒரு நீலப் பூ.

"அப்போ ஐயோன்னு கத்தினியே?"

"பூ உடையாம வந்துச்சே, அந்த சந்தோஷம். இது போதுமாக்கா, சுவத்துக்கு?"

"அட அசடே! உடைஞ்சது எதையாவது கொடுத்தா ஆச்சு. நல்ல தட்டையா போட்டு உடைப்பே?"

"உடைஞ்சது இல்லையேக்கா" என்றான் டிரைவர், இன்னும் சுவரை விட்டு நகராமல். "வேலை எங்கயோ, வீடு அங்க. உடைஞ்சதெல்லாம் அந்தந்த ஊர்லயே போட்டுடுவோம். நல்லதை மட்டும்தான் தூக்கிட்டு வருவோம்."

ஊசியக்கா அடுப்பங்கரையை எட்டிப் பார்த்தாள். தட்டு அலமாரி காலி. இரண்டு பாத்திர மூடிகளைக் கவிழ்த்துப் போட்டு, அவற்றில் ராத்திரிச் சாப்பாடு பரிமாறியிருந்தது.

அவள் கத்திரிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டு, துண்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

வாசலில் பாதித் தெரு கூடியிருந்தது. மளிகைக்கடை அக்கா முந்திக்கொண்டு வந்தாள். "என்னடி, அடிச்சானா?"

"நல்லாவே அடிச்சிருக்காங்க. ரெண்டு பேரும் சேர்ந்து."

தெருவிளக்கு வெளிச்சத்தில் ஊசியக்கா துண்டை விரித்துக் காட்டினாள். தலை நிமிர்ந்திருந்தது.

"நாளைக்கு அதிகாரியம்மாவுக்கு முதல்ல இதைத்தான் காட்டப்போறேன். நாமெல்லாம் குப்பைக்குப் போறதைத்தானேக்கா சுவத்துக்குக் கொடுத்தோம்? இவங்க, சாப்பிடற தட்டைக் கொடுத்திருக்காங்க!"