நிலைக்கதவில் ஒரு சிவப்புக் கோடு

மகள் கைப்பேசியைப் பார்த்துத் தீம் பார்க்கின் விதிகளை வாசித்துக்கொண்டிருந்தாள்.

உள்ளேயே ஓட்டல். இரண்டு நாள். வேலையில் சேர்ந்த கையோடு அவள் போட்ட திட்டம். வீட்டில் யாரும் இதுவரை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

"வெளிச் சாப்பாடு கொண்டுபோகக் கூடாதாம். பெரிய ரோலர் கோஸ்டருக்கு நூத்தி இருபது சென்டிமீட்டர் உயரம் இருந்தா போதுமாம்."

பெயிண்டர் அப்பா சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அங்கே நிலைக்கதவில், ரோலர் கோஸ்டர் உயரம் என்று அவர் கீறிய சிவப்புக் கோடு இன்னும் இருந்தது. "இதைத் தொட்டுடு, மறுநாளே தீம் பார்க் போறோம்" என்று அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர்தான் சொன்னார்.

அவள் தொடப்போன வருடம் அவருக்கு வேலை இல்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் கீறலைப் பட்டி வைத்து அடைத்தார். மேலே வண்ணம் பூசினார். அதற்கு ஒரு சாண் மேலே புதிதாகக் கீறினார். தொழில் சுத்தம், ஒட்டுப் போட்ட சுவடே தெரியாது.

கூலி உயராத வீட்டில் கோடு உயர்ந்தது.

அதற்குப் பிறகு அவள் அந்தக் கோட்டைத் தொடவே இல்லை. பிள்ளை வளர மாட்டேன் என்கிறதே என்று அம்மா தினமும் ஒரு முட்டை கூடுதலாக ஊட்டினாள். ஒருநாள், இனி அளக்க வேண்டாம் என்று மகளே சொல்லிவிட்டாள்.

இப்போது யாராவது ஒரு டேப்பை எடுத்து அந்தக் கோட்டை அளந்தால் போதும். அப்பனின் பவிசு தெரிந்துவிடும்.

அவராகவே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

அதற்குள் மகள் எழுந்து வந்து, கதவில் முதுகை ஒட்டி நின்றாள். கோடு அவள் தாடையளவில் கிடந்தது.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்கப்பா. இந்தத் தடவையாவது என்னை ஏத்துவாங்களா?"

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவரும் பழைய வழக்கப்படி உள்ளங்கையை அவள் உச்சந்தலையில் வைத்தார்.

கை பட்டதும் அவள் முழங்கால்கள் தாமாகவே மடிந்தன.

அவளே திடுக்கிட்டாள். சட்டென்று நிமிர்ந்து நின்றாள்.

அந்த வயதில் அவள் உடுத்தியதெல்லாம் தரையைக் கூட்டும் நீளப் பாவாடை; உள்ளே முட்டி மடிந்தாலும் வெளியே தெரியாது. இன்று முட்டி தெரியும் அரைக்கால் சட்டை.

அப்பா கையை எடுக்கவில்லை.